வீட்டோடு தனித்திருக்கும் கிறிஸ்தவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுமை, நீண்ட நோய், துணையின் மறைவு, பிள்ளைகள் வெளிநாட்டில், பழக்கமில்லாத ஊரில் வேலை. காரணம் எதுவாக இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும்போது கோயிலுக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில் (ஒரே குருவானவர் கவனிக்கும் பல ஊர்ச் சபைகள்) வீட்டுச் சந்திப்புக்குப் போகிற குழுவில் நானும் இருக்கிறேன். அங்கே திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகள் இவை. கத்தோலிக்கர்களும் பெந்தெகொஸ்தே சபையாரும் படிக்கக்கூடும் என்பதால் அவர்கள் வழக்கத்தையும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன். நான் குருவானவர் இல்லை, சபையில் ஒரு ஆள், அவ்வளவுதான்.

தனிமை என்னை வாட்டுகிறது. இது என் விசுவாசக் குறைவா?

இல்லை. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் முழுக்க தேவன் தாம் படைத்ததையெல்லாம் பார்த்து "நல்லது" என்று சொல்லிக்கொண்டே வருகிறார். முதன்முறையாக "நல்லதல்ல" என்று அவர் சொல்வது இரண்டாம் அதிகாரத்தில், "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல" என்று. அப்போது பாவம் உலகத்துக்குள் வரவில்லை. ஆதாம் தேவனை விட்டு ஒளிந்துகொள்ளவும் இல்லை. அந்த நிலையிலேயே அவனுக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது.

கெத்செமனேயில் இயேசுவும் மூன்று சீஷர்களைக் கூட்டிக்கொண்டு போய், "நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்" என்று கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். அதற்காக வருத்தப்பட்டு, திரும்ப வந்து எழுப்பியும் பார்த்தார். ஆள் துணை வேண்டும் என்று அவரே கேட்டிருக்க, நமக்கு மட்டும் அது பலவீனமாகிவிடாது.

"கர்த்தர்தான் கூட இருக்கிறாரே, அப்புறம் என்ன?" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது.

எரிச்சல் வருவது நியாயம்தான். அந்த வார்த்தை உண்மை. ஆனால் சொல்கிறவர் பெரும்பாலும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்கிறார்.

இதற்குப் பவுலின் கடைசிக் கடிதத்தைப் படித்துப் பாருங்கள். 2 தீமோத்தேயு நாலாம் அதிகாரம். ரோமாபுரியில் காவலில் இருக்கிறார், சாவு நெருங்கிவிட்டது என்று அவருக்கே தெரிகிறது. தேமா விட்டுவிட்டுப் போய்விட்டான். கிரெஸ்கே ஒரு பக்கம், தீத்து ஒரு பக்கம் போயிருக்கிறார்கள். "லூக்காமாத்திரம் என்னோடே இருக்கிறான்." விசாரணைக்கு நின்றபோது ஒருவரும் துணைக்கு வரவில்லை, எல்லாரும் கைவிட்டார்கள் என்று மனம்விட்டு எழுதுகிறார். உடனே அடுத்த வரி: "கர்த்தரோ எனக்குத் துணையாக நின்று, என்னைப் பலப்படுத்தினார்."

பிரசங்கங்களில் இந்த வரியோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் அதே அதிகாரத்தில் ஒரு சாமான் பட்டியலும் இருக்கிறது. துரோவாவில் கார்ப்பு என்பவர் வீட்டில் விட்டுவந்த மேலங்கி வேண்டும். புஸ்தகங்கள் வேண்டும், முக்கியமாகத் தோற்சுருள்கள். வரும்போது மாற்குவையும் கூட்டிக்கொண்டு வா. சீக்கிரமாய் வா என்று ஒரு தடவை சொன்னவர், குளிர்காலத்துக்கு முன்னே வந்துவிடு என்று மறுபடியும் சொல்கிறார். கர்த்தர் பக்கத்தில் நின்றார் என்று எழுதிய அதே ஆளுக்குக் குளிருக்குப் போர்த்திக்கொள்ளத் துணி தேவைப்பட்டது, படிக்கப் புத்தகம் தேவைப்பட்டது, பார்க்க இரண்டு முகங்கள் தேவைப்பட்டன. அதை எழுதிக் கேட்க அவர் கூச்சப்படவே இல்லை.

ஆகவே நீங்களும் கேளுங்கள். "ஒருநாள் வாங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். "வியாழக்கிழமை சாயங்காலம் வந்து அரைமணி நேரம் இருங்க, வரும்போது என் மாத்திரையும் வாங்கிட்டு வாங்க" என்று சொன்னால் வருவார்கள்.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை. என்ன செய்வது?

சொந்த வார்த்தை வராத நாளில் இரவல் வார்த்தை போதும். சங்கீதங்கள் அதற்குத்தான் இருக்கின்றன. பரமண்டல ஜெபத்தை நிதானமாக ஒருமுறை சொல்லி முடிப்பதும் முழு ஜெபம்தான். கத்தோலிக்கர்களுக்கு ஜெபமாலை கைகொடுக்கும். மனசு களைத்துப்போன நேரத்திலும் விரல்கள் மணியை நகர்த்திக்கொண்டிருக்கும். பெந்தெகொஸ்தே வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு உரத்த சத்தமாக, கண்ணீரோடு ஜெபித்தால்தான் ஜெபம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கும். நோயாளிக்கு அதற்குத் தெம்பு இருக்காது. "ஆண்டவரே, இரங்கும்" என்று படுத்தபடியே சொன்னாலும் கேட்கிற தேவன்தான் அவர். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் எட்டாம் அதிகாரம் சொல்கிறது.

துதிக்க மனம் வராவிட்டால் துதிப்பதுபோல் நடிக்க வேண்டியதில்லை. புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை அழுது தொடங்கி நன்றியில் முடியும். 88-ஆம் சங்கீதம் அப்படி முடியாது. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கிவிட்டீர் என்று தேவனிடமே குற்றஞ்சாட்டி, இருட்டிலேயே நின்றுவிடும். அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள், எடுத்துவிடவில்லை. எனக்கு இது பெரிய ஆறுதல்.

ஒரு யோசனை: நாளுக்கு ஒன்று என்று ஓடாமல், ஒரு வாரம் முழுக்க ஒரே சங்கீதத்தை வாய்விட்டுப் படியுங்கள். நாள் முழுக்கப் பேச ஆளில்லாத வீட்டில் தன் குரலைக் கேட்பதே ஒரு நன்மை. கண் பார்வை மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்து வேதாகமம் கடைகளில் கிடைக்கிறது. போனில் தமிழ் ஒலி வேதாகமமும் இலவசமாகவே இருக்கிறது. பேரப்பிள்ளை யாராவது வரும்போது ஏற்றித் தரச் சொல்லுங்கள்.

சில நாள் எழுந்திருக்கவே மனமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

சாப்பாட்டிலிருந்து.

எலியா வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட கதை தெரிந்திருக்கும் (1 இராஜாக்கள் 19). தேவதூதன் வந்து புத்திமதி எதுவும் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு செம்பு தண்ணீரும் வைத்துவிட்டு, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டான், மறுபடி படுத்துக்கொண்டான். தூதன் திட்டவில்லை. இரண்டாம் தரமும் எழுப்பி, சாப்பிடு, போக வேண்டிய தூரம் அதிகம் என்றான். ஓரேப் மலையில் தேவன் பேசிய மெல்லிய சத்தமெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான்.

தனியாக இருப்பவர்கள் வீட்டு அடுக்களையைப் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும். "ஒரு ஆளுக்கு எதுக்கு உலை வைக்கணும்?" என்பார்கள். காலையில் டீயும் ரஸ்க்கும், மத்தியானம் முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி ஊறுகாய், ராத்திரி மறுபடி ரஸ்க். ஒரு மாதம் இப்படி ஓடினால் உடம்பு தளரும். அதை நாம் ஆவிக்குரிய சோர்வு என்று நினைத்துக்கொள்வோம். ஒரு முட்டையாவது அவித்துச் சாப்பிடுங்கள். குளியுங்கள். வாசற்கதவைத் திறந்து வெயில் படும் இடத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அதற்கப்புறம் ஜெபிக்கலாம்.

எலியாவின் கதையில் இன்னொன்றும் உண்டு. "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று அவன் இருமுறை சொல்கிறான். பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் படியிடாத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று பதில் வருகிறது. அதோடு, எலிசாவைப் போய்ப் பார் என்று ஒரு ஆளின் பெயரும் விலாசமும் கொடுத்து அனுப்பப்படுகிறான்.

டிவியிலோ யூடியூபிலோ ஆராதனை பார்த்தால் போதுமா?

வெளியே போகவே முடியாதவருக்கு அது நல்ல உதவி. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது உலகம் முழுக்க அதைப் பார்த்தோம். மார்ச் 27 அன்று போப் பிரான்சிஸ் மழையில் நனைந்த, ஆளே இல்லாத புனித பேதுரு சதுக்கத்தில் நின்று, படகில் புயல் அடித்த மாற்கு 4-ஆம் அதிகாரப் பகுதியைப் பற்றிப் பேசினார். ஏப்ரல் 12, ஈஸ்டர். நம் ஊர்களில் விடியற்கால ஆராதனை இல்லை, வீட்டு ஹாலில் போனைச் சாய்த்து வைத்துப் பாடினோம். தமிழ்நாட்டில் ஆலயங்கள் முழுமையாகத் திறக்கச் செப்டம்பர் ஆகிவிட்டது. முதல் ஈஸ்டரும் பூட்டிய வீட்டுக்குள்தான் நடந்தது என்று அந்த வருஷம் பலர் நினைவுபடுத்தினார்கள். சீஷர்கள் பயந்து கதவைப் பூட்டியிருக்க, இயேசு நடுவே வந்து நின்றார்.

அன்றைக்கு வீட்டில் இல்லாமல்போனது தோமா. அவருக்காக எட்டு நாள் கழித்து இயேசு திரும்ப வந்தார். கூடிவருதலைத் தவறவிட்ட ஆளைத் தேடி வருகிற ஆண்டவர் அவர் என்பதை உங்களுக்காகவே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் திரை மட்டும் போதாது என்பது என் அபிப்பிராயம். முடிந்தவரை உங்கள் சபையின் ஆராதனையையே பாருங்கள். ஊரறிந்த ஊழியரின் பிரசங்கம் இன்னும் நன்றாக இருக்கலாம். ஆனால் அவருக்கு உங்களைத் தெரியாது. உங்கள் கோயிலில் பாட்டு எடுக்கிறவர், காணிக்கைப் பை கொண்டு வருகிறவர், அழுகிற குழந்தை எல்லாம் தெரிந்த முகங்கள். அந்த ஒரு மணி நேரம் வேலையை ஒதுக்கி வைத்து, நல்ல உடுப்பு உடுத்தி, எழுந்து நிற்க முடிந்தால் நின்று, பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பாடுங்கள். காய் நறுக்கிக்கொண்டே பார்த்தால் அதுவும் ஒரு நிகழ்ச்சியாகிவிடும். நாள் முழுக்கக் கிறிஸ்தவச் சேனலை ஓட விடுவதும் வேண்டாம். சத்தம் துணைபோலத் தோன்றும், ஆனால் ராத்திரி அணைத்ததும் வீடு முன்னைவிடக் காலியாகத் தெரியும்.

திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும்) எடுத்து மாசக்கணக்காகிறது. வீட்டுக்குக் கொண்டு வருவார்களா?

வருவார்கள். இதைக் கேட்பதற்குத் தயங்குகிறவர்கள்தான் அதிகம். சி.எஸ்.ஐ. சபைகளில் குருவானவர் நோயாளிகளுக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கும் முறை இருக்கிறது. சொல்லி அனுப்பினால் போதும். கத்தோலிக்கப் பங்குகளில் முதல் வெள்ளியன்று நோயாளிகள் வீட்டுக்கு நன்மை (திருவிருந்து அப்பம்) கொண்டு போகும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) யாரிடமாவது சொன்னால் சாமியாரிடம் போய்ச் சேரும். பெந்தெகொஸ்தே சபைகளிலும் பாஸ்டர் வந்து வீட்டில் அப்பம் பிட்டுக் கொடுப்பார்.

ஒரு சிறு மேஜை, துவைத்த விரிப்பு, இருந்தால் ஒரு மெழுகுவத்தி. இதற்கு மேல் ஏற்பாடு வேண்டாம். நாங்கள் போகும் ஒரு வீட்டில், தானாக எழுந்து உட்கார முடியாத ஒரு பாட்டியம்மா, ஐயர் (குருவானவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) வருகிறார் என்றால் வெள்ளைச் சேலை கட்டாமல் விடமாட்டார்கள். மருமகள் புரட்டிப் புரட்டிக் கட்டிவிட வேண்டும், அரை மணி நேரம் ஆகும். ஐயர் அதுவரை திண்ணையில் காத்திருப்பார்.

ஒருவரும் வர முடியாத இடத்திலும் வழி திறந்திருக்கிறது. வியட்நாம் பேராயர் வான் துவான் 1975-இல் கைதாகி 13 ஆண்டு சிறையில் இருந்தார். அதில் 9 ஆண்டு தனிச்சிறை. வயிற்றுக்கு மருந்து வேண்டும் என்று வெளியே எழுதினார். புரிந்துகொண்டவர்கள் மருந்துச் சீட்டு ஒட்டிய சின்னக் குப்பியில் திராட்சரசம் அனுப்பினார்கள். உள்ளங்கையில் மூன்று சொட்டு ரசம், ஒரு சொட்டுத் தண்ணீர். அதுதான் அவருடைய பூசை.

ஐயர் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. சபையின் மேல் கோபமாக இருக்கிறது.

கோபப்படுங்கள், ஆனால் முதலில் ஒன்றைச் சரிபாருங்கள்: அவருக்குத் தெரியுமா? ஒரு சேகரத்தில் பல ஊர் இருக்கும், ஊருக்கு ஒரு கோயில், எல்லாவற்றுக்கும் ஒரே குருவானவர். இரண்டு ஞாயிறு வராவிட்டால் மகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். "உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால், அவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக" என்று யாக்கோபு எழுதுகிறார். வரவழைக்க வேண்டிய பொறுப்பை நோயாளியிடம்தான் கொடுத்திருக்கிறார். உபதேசியாருக்கோ (ஊர்ச் சபையைக் கவனிக்கும் ஊழியர்) ஐயரம்மாவுக்கோ (குருவானவரின் மனைவி) பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருவருக்கோ போன் போட்டுச் சொல்லுங்கள்.

சொல்லியும் வரவில்லை என்றால், அது சபையின் குறை. மூடி மறைக்க வேண்டியதில்லை. அடுத்த தடவை மனஸ்தாபத்தோடு அல்லாமல் நேரடியாக, "நீங்க வரல, எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்று சொல்லுங்கள்.

படுக்கையில் கிடக்கிற என்னால் யாருக்கு என்ன பயன்?

இந்தக் கேள்வியைக் கேட்காத படுக்கையாளியை நான் பார்த்ததில்லை. நாங்குநேரி, களக்காடு பக்கத்து ஆட்களுக்கு இதற்கு ஒரு பதில் பக்கத்திலேயே இருக்கிறது.

ஏமி கார்மைக்கேல் அயர்லாந்திலிருந்து 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர். டோனாவூரில் இந்துக் கோயில்களுக்கு விடப்பட்ட பெண்குழந்தைகளையும் கைவிடப்பட்ட பிள்ளைகளையும் வளர்த்தவர். ஊர் ஊராக மாட்டுவண்டியில் அலைந்த மனுஷி. 1931 அக்டோபரில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அடி முதுகையும் பாதித்தது. சில வாரத்தில் எழுந்துவிடலாம் என்று நினைத்தார்கள். எழவில்லை. 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே வலியோடு இருந்தார்.

அவர் அந்த அறையில் என்ன செய்தார் என்பதில் எனக்குப் பிடித்தது இது. நலமாக இருக்கிறவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் எழுத்துகளைப் படித்துப் பார்த்தார். மனசில் ஒட்டவில்லை. ஆகவே நோயாளியாக இருந்தபடியே, நோயாளிகளுக்காக எழுதத் தொடங்கினார். வலி இல்லாததுபோல் பாசாங்கு செய்யவில்லை, தூக்கம் வராத இரவுகளையும் மறைக்கவில்லை. அந்தக் காலத்தில் வந்த புத்தகங்களே பத்துக்கு மேல். பிள்ளைகளுக்கும் உடன் ஊழியர்களுக்கும் எழுதிய துண்டுச் சீட்டுகளுக்குக் கணக்கே இல்லை. தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், அங்கே பறவைகளுக்கான ஒரு தண்ணீர்த் தொட்டியைத்தான் வைத்தார்கள்.

எல்லாரும் புத்தகம் எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்தது வெளியே நடமாடுகிற எங்களுக்குத் தெரியாது. புதிதாகப் படுக்கையில் விழுந்த ஒருவருக்கு நீங்கள் பத்து நிமிஷம் போனில் பேசுவது, நாங்கள் நாலு பேர் போய்ப் பாட்டுப் பாடுவதைவிட மேல். சபைக் குடும்பங்களின் பெயர் எழுதிய ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக்காக ஜெபித்து, அன்று சாயங்காலம் அந்த வீட்டுக்கு ஒரு போன் போடுகிறவர்களும் உண்டு. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அப்படிப்பட்டவர்களிடம் போன் பண்ணி ஜெபம் கேட்கும்.

குணமாவேன் என்று நம்புவதுதான் நம்பிக்கையா? வருஷப்பிறப்புக்கு வந்த வாக்குத்தத்தம் நிறைவேறவில்லையே.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், வருகிற வருஷத்துக்கான வாக்குத்தத்தம் என்று கையில் வந்த வசன அட்டையைச் சாமிப்படம் பக்கத்திலோ பீரோ கண்ணாடியிலோ ஒட்டி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் எரேமியா 29:11 வரும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." நல்ல வசனம். ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டது என்று அட்டையில் போட இடம் இருக்காது.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று கூட்டத்தின் முன்னால் சொல்கிறான். கேட்க எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அதைக் கர்த்தர் சொல்லவில்லை. எரேமியாவின் கடிதம் எழுபது வருஷம் என்கிறது. அதுவரை என்ன செய்வது? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். இத்தனையும் சொன்ன பிறகுதான் 11-ஆம் வசனம் வருகிறது. அதைப் படித்தவர்களில் வயதானவர்கள் ஊர் திரும்பவில்லை, பாபிலோனிலேயே இறந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வசனம்.

குணத்துக்காக ஜெபியுங்கள், நானும் ஜெபிப்பேன். சிலர் குணமாகிறார்கள். பவுல் மும்முறை கேட்டும், மாம்சத்தில் ஒரு முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலோடு மீதி வாழ்க்கையை ஓட்டினார். கிறிஸ்தவ நம்பிக்கை கடைசியில் மருத்துவ ரிப்போர்ட்டின் மேல் நிற்பது இல்லை. இயேசுவை எழுப்பினவர் நம்மையும் எழுப்புவார் என்பதன் மேல் நிற்கிறது. அதற்கு இடையில், பாபிலோனில் போட்டதுபோல ஒரு தொட்டியில் கீரை விதையுங்கள். உண்மையாகவே சொல்கிறேன், மூன்று வாரத்தில் பறித்துவிடலாம்.

இரவில் தூக்கம் வராமல் பயமாக இருக்கிறது.

102-ஆம் சங்கீதக்காரனும் தூக்கமில்லாமல் "வீட்டின்மேல் தனித்திருக்கும் குருவியைப்போல்" இருந்தேன் என்கிறான். பயத்துக்குக் காரணம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வையுங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். போன் தலைமாட்டில் இருக்கட்டும், அவசரத்துக்கு 108. மத்தியானத் தூக்கத்தைக் குறையுங்கள்.

அப்புறம் படுக்கும்போது நாலாம் சங்கீதத்தின் கடைசி வசனம்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்." விழித்துக்கொண்டால் 121-ஆம் சங்கீதம். காக்கிறவர் உறங்குவதில்லை என்றால் இரண்டு பேரும் விழித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று ஒரு தாத்தா சிரித்துக்கொண்டே சொல்வார்.

பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். கிறிஸ்மஸ் வந்தால்தான் ரொம்பக் கஷ்டம்.

உண்மை. மற்ற நாள்களைச் சமாளித்துவிடலாம். ஸ்டார் கட்ட ஆள் இல்லாத வீட்டில் டிசம்பர் நீளமானது. வீடியோ காலில் பேரன் இரண்டு நிமிஷம் கையசைத்துவிட்டு ஓடிவிடுவான்.

கேரல் ரவுண்ட்ஸ் பட்டியலில் உங்கள் வீட்டின் பெயர் இருக்கிறதா என்று வாலிபர் சங்கத்துப் பையன்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் கதவைத் திறப்பேன் என்று சொல்லுங்கள். முறுக்கு, அச்சுமுறுக்கு சுட முடியாவிட்டால் கடையில் வாங்கி வையுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. இதேபோல் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற இன்னொரு வீடு உங்கள் தெருவிலேயே இருக்கும். இரண்டு வீட்டு மத்தியானச் சாப்பாட்டை ஒரே மேஜையில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளிடம் பரிசுப் பெட்டிக்குப் பதிலாக, வாரத்தில் ஒரு நாள் பதினைந்து நிமிஷக் குடும்ப ஜெபம் போனில் வேண்டும் என்று கேளுங்கள்.

நான் சவுதியில் வேலை செய்கிறேன். இங்கே கோயிலே இல்லை.

துபாய், குவைத், பஹ்ரைன் போன்ற இடங்களில் ஆலயங்கள் உண்டு, தமிழ் ஆராதனையும் நடக்கிறது. சவுதியில் பொது ஆலயத்துக்கு அனுமதி இல்லை. உங்கள் பாதுகாப்புதான் முதலில். சட்டத்தையும் கம்பெனி விதியையும் தெரிந்துகொள்ளுங்கள், முன்பின் தெரியாத வாட்ஸ்ஆப் குழுக்களில் போய்ச் சேராதீர்கள். ஊரில் ஆராதனை நடக்கும் அதே நேரத்தை உங்கள் நேரத்துக்கு மாற்றி, அந்த நேரத்தில் அதே பாடப்பகுதிகளைத் தனியாகப் படிக்கலாம். பத்மு தீவில் யோவான் தனியாக இருந்தபோதும் கர்த்தருடைய நாள் எது என்று கணக்குத் தவறாமல் வைத்திருந்தார்.

சென்னையிலோ பெங்களூரிலோ ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு இந்தச் சாக்கு கிடையாது. கோயில் பக்கத்திலேயே இருக்கும், ஆராதனை முடிந்ததும் வாசலில் அஞ்சு நிமிஷம் நின்று யாரிடமாவது பெயரைச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் நான் ஒருவர்தான் கிறிஸ்தவர்.

சண்டை போட்டுச் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. வீட்டாரை நேசியுங்கள், வேலைகளைப் பங்கு போட்டுச் செய்யுங்கள். ஜெபத்துக்கு மொட்டைமாடியோ பேருந்துப் பயணமோ போதும். ஆனால் நம்பத்தகுந்த ஒரு மூத்த விசுவாசியிடம் கண்டிப்பாகத் தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தனியாக இதைச் சுமக்க முடியாது.

போனில் ஒருவர் எனக்காகத் தீர்க்கதரிசனம் சொல்கிறார். காணிக்கை அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

வேண்டாம். தனியாக இருக்கும் முதியவர்களைத் தேடிப் பிடிக்கும் கூட்டம் இருக்கிறது. முதலில் அன்பாகப் பேசுவார்கள், "அம்மா, உங்க முகம் தரிசனத்துல வந்துச்சு" என்பார்கள். அப்புறம் சாபம் இருக்கிறது, அதை முறிக்க இவ்வளவு என்று தொகை வரும். பயமுறுத்திக் கேட்கிற பணம் காணிக்கை ஆகாது. ஓடிபி, வங்கி எண் எதையும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் கொடுக்கலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இவர்கள் வலையில் விழுகிறவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களிடம் தினம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டது அந்த ஒரு ஆள் மட்டும்தான். அந்தக் கேள்வியைச் சபை கேட்டிருந்தால் அவனுக்கு இடமே கிடைத்திருக்காது.

இது சாதாரணச் சோர்வா, டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் விருப்பமில்லாமல், தூக்கமும் பசியும் மாறி, அழுகையோ மரத்துப்போன உணர்வோ தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். மனச்சோர்வு ஒரு நோய், மருந்தும் ஆலோசனையும் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் இதற்குப் போடுவதால் விசுவாசம் குறையாது. டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஜெபக்குறிப்பாக எழுதி வைத்துக் காத்திருக்காதீர்கள். அப்போதே 14416-க்குப் பேசுங்கள், பக்கத்தில் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

நான் நலமாக இருக்கிறேன். தனித்திருப்பவர்களைப் பார்க்கப் போக ஆசை. என்ன பேசுவது?

அதிகம் பேச வேண்டாம். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள்.

போன் பண்ணிவிட்டுப் போங்கள். கூட்டமாகப் போகாதீர்கள், இரண்டு பேர் போதும். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கண்ணுக்கு நேராக உட்காருங்கள். தலைமாட்டில் நின்றுகொண்டு பேசினால் அவர் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். இதே நோய் வந்து செத்துப்போன உங்கள் சித்தப்பாவின் கதையைச் சொல்லாதீர்கள். எந்தப் பாவத்தினால் வந்தது என்று ஆராயாதீர்கள். பழைய கதையைக் கேளுங்கள்: எந்தக் கோயிலில் திடப்படுத்தல் (சபையின் முழு அங்கமாகும் சடங்கு) எடுத்தார், அசனத்துக்கு (சபை விருந்து) எத்தனை மூட்டை அரிசி பொங்கினார்கள், சண்டே ஸ்கூலில் யார் டீச்சர். ஒரு சின்ன சங்கீதம், அவருக்குப் பழக்கமான ஒரு கீர்த்தனையில் இரண்டு சரணம், இரண்டு நிமிஷ ஜெபம். ஞாபகம் மங்கியவர்கள்கூடப் பல்லவி தொடங்கினால் கூடச் சேர்ந்து பாடிவிடுவார்கள். அவரையும் உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கிளம்பும்போது "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லாதீர்கள். கேஸ் பதிய வேண்டுமா, கரண்ட் பில் கட்ட வேண்டுமா, மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அடுத்து எந்தக் கிழமை வருவீர்கள் என்று சொல்லுங்கள். சொன்ன கிழமையில் போங்கள்.